இன்னொருவன் பெயரில் வீசிய பந்துகள்

கபோச் சந்தைக்குப் பின்னால் உள்ள சந்துகளில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். இப்போது நாம் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம். முழங்கால் வலிக்கிறது, இரத்த அழுத்தத்துக்குக் குளிசை போடுகிறோம், பிள்ளைகள் நம்மோடு தமிழில் கதைக்கக் கூச்சப்படுகிறார்கள். தொலைபேசியில் அகப்படும்போதெல்லாம் நீங்கள் ஒரே வசனத்தைச் சொல்கிறீர்கள்: "அந்தக் காலம் மாதிரி இனி வராது." வராமல் இருப்பதே நல்லது. ஏன் என்று சொல்ல ஒரு கோடையை எடுத்துக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் தெருமுனைகளில் துப்பாக்கியோடு இராணுவம் நின்ற காலம். மாஃபியாவிடமிருந்து நீதிபதிகளின் வீடுகளைக் காவல் காக்கத்தான் நிற்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் விளக்கியிருந்தார்கள். அம்மாவுக்கு அந்த விளக்கம் போதவில்லை. சீருடையைக் கண்டால் யாழ்ப்பாணத்தில் செய்தது போலவே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவின் மறுபக்கம் போய்விடுவார். மீன்கடைகளின் உருகிய ஐஸ் தண்ணீர் சந்தின் நடுவால் ஓடும். அதைத் தாண்டும்போது அம்மாவின் செருப்பு எப்போதும் நனையும்.

அப்பா மிலானில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். மாமா இருபது வயது தாண்டியவர். காலையில் மாடிக் கட்டடங்களின் படிகளைக் கழுவுவார். மாலையில் கிரிக்கெட்.

மாமா வேகப் பந்துவீச்சாளர். குடும்பப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நகரத்தில் இருந்த நம் அணியின் துடுப்பாட்டக்காரர்கள் பயிற்சிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு கோடைகள் அவர் அவர்களுக்குப் பந்து வீசினார். அவருக்கு முன்னால் நிற்கும்போது பெரிய பெரிய ஆட்களின் கால்கள் தாமாகவே பின்னால் நகர்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் போட்டி என்று வந்தால் பதினொருவரில் அவர் இல்லை. அன்று அவருக்கு வேலை, பந்துகளை எடுத்து வருவதும் தண்ணீர்ப் போத்தல்களை ஐஸில் வைப்பதும்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். முதல் நாள் அவர் மைதானத்துக்குப் போனபோது அணியை நடத்திய தமிழ்ச் சங்கத்துத் தலைவர் ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, ஊரிலை எவடம்?" நம் ஆட்கள் ஒருவரை ஒருவர் கண்டால் கேட்கும் முதல் கேள்வி. ஊரின் பெயரைச் சொன்னால் போதாது. ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, எந்தக் கிணற்றடி என்று வரவேண்டும். வந்ததும் கேட்டவர் தலையை ஆட்டி "ஆ, ஓம், ஓம்" என்பார். அவ்வளவுதான். சாதி என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை. யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. யாரும் மாமாவை வராதே என்று சொல்லவில்லை. நாலாயிரம் மைல் தாண்டி வந்து, வெள்ளைக்காரனின் கழிவறையைக் கழுவிக்கொண்டும், அந்த ஒரு கேள்வியை மட்டும் உடையாமல் கொண்டுவந்து சேர்த்திருந்தோம்.

அம்மா பழைய நகரின் கால்சாப் பகுதியில் ஓர் அமெரிக்கக் கிழவரின் வீட்டைத் துப்புரவு செய்து, அவருக்குச் சமைத்துக் கொடுப்பார். பள்ளிக்கூடம் விட்டிருந்ததால் நானும் கூடப் போவேன். கால்சாவில் அப்போது பல வீடுகளுக்குக் கூரை இல்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த மாளிகைகளின் உள்ளே அத்திமரம் வளர்ந்திருந்தது. கிழவரின் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரில் ஒரு மாளிகையின் பாதிச் சுவரும், அதில் ஆணியில் தொங்கும் யாரோ முகம் பார்த்த கண்ணாடியின் சட்டமும் தெரியும்.

கிழவர் கறுப்பர். அந்தப் போரில், கறுப்பரை மட்டும் தனியாகச் சேர்த்த படைப்பிரிவில் லொறி ஓட்டியவராகச் சிசிலிக்கு வந்திருந்தார். பிறகு நாட்டுக்குத் திரும்பி, சில வருடங்களின் பின் இங்கே வந்து, கால்சாப் பெண் ஒருத்தியைக் கட்டி, துறைமுகத்தில் வேலை செய்து, அவளையும் புதைத்துவிட்டுத் தனியே இருந்தார். போருக்கு முன்னும் பின்னும் அவருடைய தொழில் பேஸ்போல். பந்து எறிபவர்.

சமையலறை அலுமாரியில், பாஸ்தாப் பெட்டிகளுக்கு நடுவே, அவருடைய தோல் கையுறை இருந்தது. வெடித்து, உலர்ந்து, கருகிய பாண் போலிருக்கும். முகர்ந்தால் எண்ணெயும் வியர்வையும் மணக்கும். சுவரில் ஒரு படம்: ஒரு பழைய பஸ், அதன் முன்னால் வரிசையாக நிற்கும் கறுப்பு இளைஞர்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். அவர் மட்டும் பஸ் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "காத்துப் போய்க்கொண்டிருந்தது. படம் எடுக்கிறவன் சொல்ல விடேல்லை" என்றார்.

அவர் பேசியது மனைவியிடம் கற்ற சிசிலிய இத்தாலியன். மாலையில் எங்களைக் கூட்டிப்போக வரும் மாமாவுக்கு இத்தாலியன் அரைகுறை. அதனால் நடுவில் நின்று நான் மாற்றிச் சொல்வேன். எந்தத் தமிழில் அன்று மாமாவுக்குச் சொன்னேனோ அதிலேயே கிழவரின் பேச்சை இங்கே எழுதுகிறேன்.

முதல் நாளே இரண்டு பேருக்கும் சண்டை. முற்றத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து மாமா பந்துபோல வீசிக் காட்டினார். கிழவர் கைத்தடியால் நிலத்தில் தட்டினார்.

"ஏன் ஓடி வாறான்?"

"வேகத்துக்கு" என்றேன்.

"அவ்வளவு தூரம் ஓடிறதெண்டா பந்து ஏன்? நேரை போய் அவனுக்கு அடிச்சிட்டு வரலாமே. முழங்கையை மடக்கச் சொல்லு."

"மடக்கினா அது களவு எண்டு சொல்லு" என்றார் மாமா.

"நல்ல விளையாட்டு! கை நோகிற வருத்தக்காரன் சட்டை போடுற மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு!"

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். மறுநாளிலிருந்து எங்களைக் கூட்டிப்போக நேரத்துக்கு முன்பே வரத் தொடங்கினார்.

கிழவர் கதை சொல்பவரல்லர். முறைப்பாடு சொல்பவர். சூப்பில் உப்புக் குறைந்தால் தொடங்கி, அமெரிக்காவில் போய் முடிப்பார். வெள்ளையரின் பெரிய லீக்குகளில் கறுப்பருக்கு இடமில்லை. அதனால் கறுப்பர் தங்களுக்கென்று அணிகளும் லீக்குகளும் நடத்தினார்கள். ஒரு நாளில் இரண்டு ஆட்டம், சில நாளில் மூன்று. ஆட்டம் முடிந்து இரவோடு இரவாகப் பஸ்ஸில் அடுத்த ஊர். ஹோட்டலில் அறை கிடையாது, பஸ்ஸிலேயே தூக்கம். உணவுக்கடையின் பின்கதவில் காசைக் கொடுத்து, பேப்பர்ப் பையில் சாப்பாட்டை வாங்கி, நின்றுகொண்டே தின்பது. சில நகரங்களில் வெள்ளையரின் மைதானத்தை வாடகைக்கு எடுப்பார்கள். வாடகை வாங்குவான், ஆனால் குளிக்கும் அறையைத் திறக்கமாட்டான். வெள்ளையரின் அணிகள் இரவு ஆட்டத்துக்கு வருமுன்பே இவர்களில் சிலர் விளக்குக் கம்பங்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போய், ஊர் ஊராக நட்டு, அந்த வெளிச்சத்தில் விளையாடினார்கள்.

"இலையுதிர் காலத்திலை வெள்ளைக்காரர் எங்களோடை சும்மா ஆட வருவாங்கள். வீரர்மார்! நாங்கள் அடிச்சு அனுப்புவம். நாங்கள் வெண்டாலும் அவங்கள் பெரிய லீக், நாங்கள் பஸ்."

"என்ன சட்டம் அப்பிடித் தடுத்தது?" என்று மாமா கேட்கச் சொன்னார்.

"சட்டமோ? வெள்ளைக்காரர்ரை அந்த லீக்கிலை அப்பிடி ஒரு எழுத்தும் இல்லை. முதலாளிமார் தங்களுக்குள்ளை கை குலுக்கினவங்கள். ஆரும் கேட்டா, 'தடையோ? எங்கை தடை? நல்ல ஆள் ஒருத்தனும் வரேல்லை' எண்டுவாங்கள்."

மாமா எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

பின்னர் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது கிழவரின் ஆட்டங்களைத் தேடினேன். வெள்ளையர் நடத்திய பெரிய தினசரிகள் பெரும்பாலும் அந்த ஆட்டங்களைக் கண்டுகொள்ளவில்லை. கறுப்பர் நடத்திய வாரப் பத்திரிகைகள் தமக்கு வந்துசேர்ந்ததை அச்சிட்டன. வராதது போயிற்று. எதிரணியில் ஒருவருக்கும் ஓர் அடிகூடக் கொடுக்காமல் ஒரு முழு ஆட்டம் எறிந்ததாகக் கிழவர் சொன்னார். எங்கே பதிவு என்று கேட்டதற்கு, "எழுதிறவன் பாதியிலை சாப்பிடப் போயிட்டான்" என்றார். அது நடந்ததா என்று என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. நடக்கவில்லை என்றும் முடியாது. ஆயிரக்கணக்கான மனிதரின் உழைப்பை இந்த நிலையில் விட்டது என்னுடைய தொழில். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஆனால் கிழவரின் பெரிய கோபம் கதவை மூடியவர்கள்மேல் அல்ல. போருக்குப் பிறகு ஒருநாள் கதவு திறந்தது. ஓர் இளைஞனை உள்ளே எடுத்தார்கள், பிறகு இன்னொருவனை. கறுப்பர் எல்லாரும் அவனைப் பார்க்க வெள்ளையரின் மைதானங்களுக்குப் போனார்கள். இவர்களுடைய மைதானங்கள் வெறிச்சோடின. ஆட்களைப் பறிகொடுத்த கறுப்பு அணிகள் பலவற்றுக்கு ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் அந்த லீக்குகள் இல்லாமலே போயின. கிழவருக்கு அப்போதே வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

"எனக்கு அந்தக் கதவு திறக்கேல்லை. நான் இருந்த வீட்டைத்தான் இடிச்சவங்கள். அதுக்கும் கை தட்டச் சொன்னவங்கள். நானும் தட்டினன். ஏனெண்டா அந்தப் பெடியன் நல்லா விளையாடினான்."

பயிற்சியில் ஒருநாள் மாமா வாய்தவறி இந்தக் கிழவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாலை தலைவர் எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். அதற்குமுன் அவர் வந்ததே இல்லை. அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார். அவர் இருக்கவில்லை. தேநீர் கொண்டுவந்தபோது, "இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்றார். அவருடைய நெற்றியில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரும் கேட்கவில்லை. உண்மையாகவே தாகமில்லை என்று நான் நம்பினேன்.

"தங்கச்சி, நீர் வேலைக்குப் போற வீட்டுச் சிஞ்ஞோரே அமெரிக்காக்காரனாம். பெரிய விளையாட்டு வீரனாம்?"

"ஓம் அண்ணை. பேஸ்போல்."

"எங்கடை விளையாட்டு விழாவுக்கு அவரைப் பிரதம விருந்தினராக் கூட்டிக்கொண்டு வாரும். கத்தானியா நகரத்து அணிக்காரர் விளையாட வருகினம். ஒரு அமெரிக்கன் மேடையிலை இருந்தா அவங்களுக்கு மூச்சு நிண்டிடும்."

அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினார். "தம்பியும் நல்லா பந்து போடுறான் அண்ணை."

"அதுதான் நானும் யோசிச்சனான். கூட்டிக்கொண்டு வாரும். தம்பிக்கும் ஒரு இடம் பாப்பம்."

அவர் இறங்கிப் போனதும் மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், பதினொருவரில் ஓர் இடம். அதை வாங்கிவிட்டதாக அம்மா நம்பினார். கிழவரின் நிறத்தை அம்மா சொல்லவில்லை. மறைக்கவுமில்லை. அது சொல்லவேண்டிய விடயமாக அவருக்குத் தோன்றவில்லை. அமெரிக்கன் என்றால் வெள்ளை என்று நினைத்த தலைவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கிழவரிடம் கேட்டபோது, "என்ரை ஊரிலை ஒருத்தரும் கூப்பிடேல்லை. இவங்கள் ஏன் கூப்பிடுறாங்கள்?" என்றார். பிறகு, "மைக் இருக்குமோ?" என்றார். இருக்கும் என்றதும் பழைய சாம்பல்நிறக் கோட்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்து மினுக்கச் சொன்னார். தொப்பிக்குத் தானே தூசி தட்டினார்.

விழா ஒரேத்தோ ஆற்றுப் பக்கம், ஒரு தேவாலயத்தின் மைதானத்தில். புல் இல்லை, புழுதியும் கல்லும்தான். ஒலிபெருக்கியில் ஓயாமல் அறிவிப்பு. பெண்கள் ஆளுக்கொரு தட்டில் சாப்பாடு கொண்டுவந்து நீள மேசையில் வைத்தார்கள். அம்மா அதிகாலையில் எழுந்து ஒரு பெரிய தட்டு நிறைய ரோல்ஸ் பொரித்திருந்தார். நாங்கள் டாக்சியில் போய் இறங்கினோம். தலைவர் மாலையோடு ஓடி வந்தார். கிழவரைத் தாண்டி டாக்சிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்கை அமெரிக்கன்?"

"இவர்தான் அண்ணை."

"இவரோ?" தலைவர் மாலையைத் தாழ்த்தினார். "காப்பிலி எண்டு முதலே சொல்லியிருக்கலாமே!"

கறுப்பரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லை நான் வேறெங்கும் எழுதமாட்டேன். இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அதைச் சொன்ன இடத்தில் நம் பெற்றோர் எல்லாரும் நின்றார்கள். பலர் சிரித்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

கிழவர் என்னிடம் குனிந்தார். "என்ன சொல்லுறான்?"

"நீங்கள் கறுப்பெண்டு தனக்குத் தெரியாதாம்."

"ஆறு வயசு வரைக்கும் எனக்கும் தெரியாதெண்டு சொல்லு."

நான் அப்படியே சொன்னேன். தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. மைதானத்தின் சாவியோடு வந்து வாசலில் நின்ற பாதிரியாரைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போனார். மாலையும் பொன்னாடையும் அவருக்கு விழுந்தன. எதற்கென்று தெரியாமல் அந்த நல்ல மனிதர் எல்லாரையும் ஆசீர்வதித்தார். கிழவருக்கு மைதானத்தின் ஓரத்தில், சோடாப் போத்தல்களை ஐஸில் வைத்திருந்த வாளிக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் கதிரை கொடுத்தார்கள். அவர் கோட்டைக் கழற்றவில்லை. அந்த வெயிலில் கடைசிப் பொத்தான் வரை போட்டபடி இருந்தார்.

மாமாவின் பெயர் பதினொருவரில் இல்லை. அம்மா தலைவரிடம் போனார். "அண்ணை, தம்பிக்கு..." "பாப்பம் எண்டுதானே சொன்னனான் தங்கச்சி. பாத்தன். இடமில்லை."

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தலைவரின் மருமகன், அணியின் வேகப் பந்துவீச்சாளர், ஓடி வரும்போது ஒரு குழிக்குள் காலை விட்டார். கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியது. கத்தானியாக்காரர் அடிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பந்தும் ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் பறந்தது. தலைவர் எங்களிடம் வந்தார். கையில் மருமகனின் சேர்ட்.

"டேய் தம்பி, இதைப் போட்டுக்கொண்டு இறங்கு. பதிலாள் பந்து போடேலாது. அவன்ரை பேரிலை போடு. கத்தானியாக்காரருக்கு உன்னைத் தெரியாது. தொப்பியை இறக்கிப் போடு."

மாமா சேர்ட்டை வாங்கினார். கிழவர் என்னை என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு அவனுக்கு. எங்கடை அணியிலை ஒருத்தன், கொஞ்சம் வெளிறின நிறம். கியூபாக்காரன் எண்டு சொல்லிக்கொண்டு வா, எடுக்கிறம் எண்டு ஒரு வெள்ளை அணி கேட்டது. போனான். ஒருநாள் தாய் பாக்க வந்தா. கறுப்பருக்கு ஒதுக்கின வாங்கிலை இருந்து கை காட்டினா. அவன் திரும்பிப் பாக்கேல்லை. பாத்தா பிடிபட்டிடுவான். கொஞ்ச நாளிலை எப்பிடியும் பிடிபட்டிட்டான். ஆனால் தாய்க்கு அவன் திரும்பிப் பாக்காதது பாக்காததுதான்."

நான் ஒரு சொல் விடாமல் மாற்றிச் சொன்னேன். மாமா கேட்டார். பிறகு கிழவரின் விரல்களை மெதுவாக விடுவித்து, சேர்ட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

அதற்குமுன்னும் பின்னும் எத்தனையோ போட்டிகளைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அன்று பார்த்ததைப் போல ஒரு பந்துவீச்சைப் பார்க்கவில்லை. அவர் கையை விட்டுப் போன பந்து கண்ணுக்குத் தெரியாது. ஸ்டம்ப் விழும் சத்தத்தில்தான் அது போய்ச் சேர்ந்தது தெரியும். ஐந்து விக்கெட். ஒவ்வொன்றுக்கும் ஒலிபெருக்கி மருமகனின் பெயரைச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் நான் கதிரையில் ஏறி நின்று கத்தினேன். மாமா எங்கள் பக்கம் ஒருதரமும் திரும்பவில்லை. "தேத்தண்ணிக்கு நிப்பாட்டிற விளையாட்டு" என்று அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுப் பார்த்தார்.

வென்றோம். பரிசளிப்பில் சிறந்த பந்துவீச்சாளர் என்று மருமகனைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு பேரின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி மேடையேறி, கூசாமல் கிண்ணத்தை வாங்கினார். கிழவர் எழுந்து கைத்தடியால் ஐஸ் வாளியில் அடித்தார். "அவனில்லை! எறிஞ்சவன் அவனில்லை!" பாதிரியார் மேடையிலிருந்து என்னவென்று கேட்டார். "வெயில் தலைக்கேறிட்டுது" என்று தலைவர் இத்தாலியனில் விளக்கினார். சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்ற மாமா மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார்.

மேசையில் எல்லாப் பெண்களின் தட்டுகளும் வெறுமையாகியிருந்தன. அம்மாவுடைய தட்டின் ஈயத்தாள் காலையில் மூடியபடியே இருந்தது. "உறைப்புக் கூடிப்போச்சு போல" என்றார் அம்மா. யாரும் திறந்தே பாராத ரோல்ஸில் உறைப்பு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு வயது போதவில்லை. டாக்சிக்குக் காசில்லாமல் திரும்பிய பஸ்ஸில் கிழவர் தட்டை மடியில் வாங்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றார். கண்ணீர் ஓடியது. "உறைப்பு" என்றார். உண்மையாகவே உறைப்புத்தான்.

அன்றிரவே மாமா அம்மாவிடம் சொன்னார், தன்னை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்டிருக்கிறார்கள் என்று. மெசினாக்காரரோடு ஆட்டம். மருமகனின் கால் இன்னும் ஆறாது. தலைவரே காரில் வந்து ஏற்றிப்போவாராம்.

"ஆற்றை பேரிலை?" என்றார் அம்மா.

"பேரிலை என்ன இருக்கு அக்கா? பந்து என்ரை கையிலைதானே இருக்கு."

அந்தக் கிழமை முழுவதும் இருவரும் அதையே கதைத்தார்கள். அடுப்படியில், படியில், கிழவரின் வீட்டு முற்றத்தில். மாமா கெஞ்சினார். ஒரு கோடை போடவிட்டால் தன்னைத் தவிர்க்க முடியாமல் போகும், பிறகு தன் பெயரையே போடுவார்கள் என்றார். சனிக்கிழமை இரவு சப்பாத்துக்கு வெள்ளை பூசினார். கடைசியில் அம்மா ஒரு நிபந்தனை சொன்னார்.

"சரி, போ. நாளைக்கு அவர் வந்து கீழை நிண்டு உன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். தம்பி கிம்பி இல்லை. பேர். கூப்பிட்டா நானே சாப்பாடு கட்டித் தந்து அனுப்புறன்."

மாமா சிரித்தார். "இவ்வளவுதானே!"

ஞாயிறு காலை தலைவரின் சிவப்பு ஃபியற் சந்துக்குள் வந்து நின்றது. ஹோர்ன் அடித்துவிட்டுத் தலைவர் இறங்கி நின்றார். அம்மா பல்கனிக்குப் போனார். நான் அவருடைய இடுப்பருகே நின்றேன். எங்களுக்குப் பின்னால், அறைக்குள், மாமா வெள்ளைச் சேர்ட்டும் வெள்ளைச் சப்பாத்துமாக, சிரித்த முகத்தோடு தயாராக நின்றார்.

"தங்கச்சி, தம்பியை அனுப்பும். நேரம் போகுது."

"எந்தத் தம்பி அண்ணை?"

"என்ன பகிடியோ? உம்மடை தம்பிதான்."

"அவன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. வருவான்."

தலைவர் வாயைத் திறந்தார். மூடினார். பக்கத்து ஆசனத்தில் இருந்தவரைக் குனிந்து பார்த்தார். ஆட்டங்களில் புள்ளிகள் எழுதுபவர் அவர். வீரர்களின் பெயர்களை எழுதுவதும் அவர்தான். அவர் தோளைக் குலுக்கினார். தலைவர் பின்ஆசனத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நெருக்கியடித்திருந்த மூவரைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு கோடைகள் மாமாவின் பந்துக்குப் பயந்து பின்வாங்கிய துடுப்பாட்டக்காரர்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

எதிர்வீட்டுக் கிழவி துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மீன்கடைக்காரன் கத்துவது சந்தையிலிருந்து கேட்டது. காரோடு வந்தவர்கள் பிடிவாதத்தால் பேசாமல் இருக்கவில்லை. அவர்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

நான் திரும்பிப் பார்த்தேன். மாமாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

கீழே தலைவர் காருக்குள் கையை விட்டு மறுபடியும் ஹோர்னை அழுத்தினார். இந்த முறை நீளமாக.